புழுவின் மேல் பழி போடுமுன்

அன்புள்ள தம்பிக்கு,

வட கடலோரத்து வாடன் கடலின் ஓதவெளியில் வேலை தொடங்கப்போவதாக எழுதியிருந்தாய். மணலில் குழாய் கட்டி வாழும் லானிசே புழு மண்டிய இடத்தில் மட்டிக்குஞ்சுகள் கூடுமா, குறையுமா என்பது உன் கேள்வி. ஒரே வரியில் பதில் தேடாதே. கடல்சூழலியலாளர் சாரா ஆன் வுடின் 1976-இல், நெருக்கமாக வாழும் குழாய்ப்புழுக்கள் புதிதாக வந்திறங்கும் உயிர்களை நிலைக்கவிடாது என்று வாதிட்டார். 1978-இல் அவரே, வர்ஜீனியா கரையில் டயோபட்ரா புழுவின் குழாய்கள் சிற்றுயிர்களுக்கு நண்டிடமிருந்து அடைக்கலம் தருவதைக் காட்டினார். என் கணக்கில் இது முரண் அல்ல. புழு வேறு, நெருக்கம் வேறு.

நீர் வற்றியதும் குனிந்து ஒரு குழாயைப் பார். மணலையும் சிப்பித்தூளையும் சளியால் ஒட்டிக் கட்டியது. அரை சென்டிமீட்டர் தடிமன் இருக்கும். தரைக்கு மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு, உச்சியில் கிளைகிளையாகப் பிரிந்த மணல் குஞ்சம். லென்ஸ் வைத்துத் தேடினால், அதில் நீலச்சிப்பிக் குஞ்சு இழைவிட்டுத் தொற்றியிருப்பது கிடைக்கலாம். அது அங்கேயே வளரும் என்று எண்ணிவிடாதே. பல மட்டிக்குஞ்சுகள் மெல்லிய இழையை நீட்டி, நீரோட்டத்தில் பட்டம்போல் மிதந்து இடம் மாறும். ஆகஸ்டில் நீ எண்ணும் குஞ்சு மே மாதத்தில் எங்கே இறங்கியதோ! அடிக்கடி மாதிரி எடு.

புழு எதுவுமே செய்யாமல் குழாய் மட்டும் செய்யும் வேலையும் உண்டு. தனித்து நிற்கும் குழாயைச் சுற்றி நீர் சுழித்து மணலை அரிக்கும். குழாய்கள் நெருங்கி நின்றால் ஓட்டம் மேலோடு போய்விடும். இடுக்கில் நீர் தணிந்து, நுண்வண்டலோடு லார்வாவும் படியும். எக்மன் என்ற ஆய்வாளர் 1983-இல் வெளியிட்ட ஆய்வில் போலிக்குழாய்களை நட்டே இதைச் சோதித்தார். நீயும் ஸ்ட்ராக்களை நடு. அங்கும் புழுக்குழாய்களில் சேரும் அளவுக்கே குஞ்சு சேர்ந்தால், உணர்கொம்பு, தீனி என்று புழுவின் மேல் கதை கட்ட வேண்டியதில்லை.

சல்லடை விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. அப்போதுதான் இறங்கிய குஞ்சு சுமார் 0.3 மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் கண்ணில் நழுவிப் போய்விடும். அதை வைத்து 'இங்கே எதுவும் இறங்கவில்லை' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். ரோஸ் பெங்கால் சாயமும் போட்டுக்கொள், மணலுக்கு நடுவே கண் தப்பாது.

கடைசியாகக் குளிர்காலம். கடுங்குளிரில் லானிசே கூட்டங்கூட்டமாகச் செத்துப்போகும். அதற்கடுத்த கோடையில் மட்டிக்குஞ்சுகள் பெருகுவதை வாடன் கடலில் பலமுறை கண்டிருக்கிறார்கள். புழு போனது, மட்டி வந்தது என்று முடிச்சுப்போடக் கை துறுதுறுக்கும். ஆனால் அதே குளிர், குஞ்சுகளைத் தின்னும் இறாலையும் நண்டையும் வசந்தத்தில் தாமதமாக்கிவிடுகிறது. அதனால் மேலே வலைக்கூண்டு போட்ட கட்டம், போடாத கட்டம் இரண்டையும் புழு உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் வை. கூண்டே நீரோட்டத்தைத் தணிக்கும் என்பதால், பக்கம் திறந்த கூண்டு ஒன்றும் வேண்டும். முதல் பருவத்துக்கு அந்த வேலையே போதும். வரைபடத்தை அனுப்பு, கட்டங்களின் இடைவெளியைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்