ஊர்க்கல்லும் ஊராட்சியும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் நமது வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் ஏரி சீரமைப்புப் பணி நடைபெற்றது. பழைய மதகு இடிந்து கிடந்தமையால் அதனை அகற்றிப் புதிய மதகு கட்டுவதற்கு மதிப்பீடு தயாரிக்கப்பட்டது. அம்மதிப்பீட்டில் கையொப்பமிட்டவர் நாமே. பணி முடிந்தபின் பார்வையிடச் சென்றபோது, கரையோரம் குவிந்திருந்த உடைகற்களுள் ஒன்றில் எழுத்துக்கள் இருக்கக் கண்டோம். உள்ளூர்ப் பள்ளித் தமிழாசிரியர் அதனை முயன்று படித்தார். மதகு அமைத்தவர் பெயரில் பாதியும், நீர் பாய வேண்டிய நிலத்தைக் குறிக்கும் இரண்டொரு சொற்களுமே எஞ்சியிருந்தன. மற்றைய பகுதி புதிய மதகின் அடித்தளத்துள் சல்லியோடு சல்லியாகச் சென்றுவிட்டது.

பல நூற்றாண்டுகள் வெள்ளத்தையும் வெயிலையும் தாங்கி நின்ற கல் ஒரே பிற்பகலில் அழிந்தது. அழித்தவர் எவருக்கும் தீய எண்ணம் இல்லை. உடைக்குமுன் அஃது யாதென ஒருவரும் பார்க்கவில்லை; அவ்வளவே. அக்குற்றத்தில் முதற்பங்கு நம்முடையது. இத்தகைய இழப்பு பிற ஊர்களிலும் நேராவண்ணம், ஊர்தோறும் ஒரு வரலாற்றுக் கழகம் அமைத்துப் பழம்பொருள்களைக் காக்கும் முறையினை ஈண்டு விளக்குவோம்.

கல்வெட்டு ஊரின் கணக்கேடு

"கல்வெட்டு என்பது அரசர் புகழ் பாடுவது, உழவருக்கு அதனால் ஆவதென்ன?" என்று வினவுவோர் உளர். தமிழகக் கல்வெட்டுக்களிற் பெரும்பாலானவை நிலம், நீர், வரி, கொடை ஆகியவற்றைப் பற்றியே பேசுகின்றன. எந்த நிலத்திற்கு எந்த வாய்க்காலின் நீர், எல்லை எது, ஏரியைப் பேணும் செலவுக்கு விடப்பட்ட நிலம் எது என்பன போன்ற செய்திகள் அவற்றில் உள்ளன. கடதாசி இல்லாத காலத்து ஊர்க்கணக்கு அது.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுக்களைப் பலரும் அறிவர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் அவை பொறிக்கப்பட்டன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டுக் குடவோலை முறையால் வாரியத்தார் தெரிந்தெடுக்கப்பட்டனர். ஏரி வாரியத்திற்கு 6 பேர். பதவிக் காலம் 360 நாட்கள். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் பதவிக்கு வரலாகாது என்று விதி செய்தனர். நிலமும் கல்வியும் உடைய ஒரு சாராரின் சபையே அது. இன்று போல ஊரார் அனைவருக்கும் அதில் உரிமை இருந்ததில்லை. ஆயினும், பொதுப்பணம் கையாள்வோர் கணக்குக் காட்டவேண்டும் என்னும் நெறி அன்றே நம் மண்ணில் வேரூன்றியிருந்தது என்பதற்கு அக்கல்லே சான்று. அக்கல் உடைந்து போயிருப்பின் அச்செய்தியும் உடன் போயிருக்கும்.

எவ்வெவ்விடங்களில் பார்ப்பது?

கோயிற் சுவர்களில் மட்டுமே கல்வெட்டு உண்டு என்று எண்ணுதல் தவறு. உழவர்கள் நாள்தோறும் கடந்து செல்லும் இடங்களிலேயே அவை பல கிடக்கின்றன.

ஏரிக்குள் நிற்கும் குமிழித் தூம்பின் கற்றூண்களில் எழுத்து இருக்கக்கூடும். வயல்வரப்பில் சூலம் பொறித்த கல் இருப்பின் அது சிவன் கோயில் நிலத்தின் எல்லையாகலாம். சக்கரம் பொறித்தது பெருமாள் கோயிலுக்கும், முக்குடை பொறித்தது சமணப் பள்ளிக்கும் உரிய நிலத்தைக் குறிக்கும். கைவிடப்பட்ட கற்செக்கின் விளிம்பில் அதனைச் செய்தளித்தவர் பெயர் காணப்படுவதுண்டு.

வில்லோ வாளோ ஏந்திய வீரனின் உருவம் செதுக்கிய கல் நடுகல் ஆகும். ஆநிரை மீட்கும் போரிலோ, புலியோடு பொருதோ உயிர் நீத்தவர்க்கு ஊரார் எடுத்த நினைவுக்கல் அது. தருமபுரி, திருவண்ணாமலைப் பகுதிகளில் இத்தகைய கற்களை வேடியப்பன் என மக்கள் இன்றும் வழிபடுகின்றனர். செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் திரட்டித் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972 இல் நூலாக வெளியிட்டது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006 இல் கிடைத்த நடுகற்களில் தமிழி எழுத்துக்களே காணப்பட்டன.

1887 முதல் அரசின் கல்வெட்டுத் துறையினர் ஊர் ஊராகச் சென்று படியெடுத்து வந்துள்ளனர். எனினும் ஆயிரக்கணக்கான ஊர்களின் ஒவ்வொரு வரப்பையும் அலுவலர் சிலர் பார்த்து முடித்தல் இயலாது. ஆதலின் ஊராரின் கண்களே முதற்கண் உதவ வேண்டும். தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் வெளியிட்டு வரும் 'ஆவணம்' இதழில், புதிதாகக் கிடைத்த கல்வெட்டுக்கள் தொடர்ந்து அச்சாகி வருகின்றன. அவற்றைக் கண்டறிந்து உதவியோரில் பள்ளியாசிரியர்களும் ஊர்க்காரர்களும் பலர்.

கழகம் அமைக்கும் முறை

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஆசிரியர் ஒருவர், முதியோர் இருவர், இளைஞர் சிலர், மகளிர் குழுவினர் இருவர் சேர்ந்தால் கழகம் தொடங்கலாம். ஊரின் எல்லாத் தெருக்களுக்கும் அதில் இடம் வேண்டும். ஒரு தெருவாரை விலக்கி எழுதும் வரலாறு பாதி வரலாறே. அவர்கள் காக்கும் கற்களும் கணக்கில் வாராது போகும். அதன் பணிகள் வருமாறு:

1. கோடைக்காலத்தில் ஏரி வற்றியிருக்கும்போது ஊர் எல்லை முழுவதையும் நடந்து பார்த்து, ஒவ்வொரு கல்லுக்கும் எண் கொடுத்து, சர்வே எண்ணுடன் பதிவேட்டில் எழுதுக.

2. காலையிலோ மாலையிலோ சாய்வெயிலில் கைப்பேசியாற் படம் எடுக்க. நண்பகல் வெளிச்சத்தில் எழுத்தின் பள்ளம் தோன்றாது.

3. கல்லைத் துலக்குவதாக எண்ணி அமிலம், கம்பித் தூரிகை, வண்ணம், சுண்ணாம்பு ஆகியவற்றைப் பயன்படுத்தலாகாது. நீரும் மெல்லிய தூரிகையும் போதும். மைப்படி எடுத்தலைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுக.

4. கல்லை இடம் பெயர்த்தல் கூடாது. எல்லைக்கல் தன் இடத்தை விட்டு அகன்றால் அதன் பொருளில் பாதி போய்விடும். பெயர்த்தே தீர வேண்டுமாயின், தொல்லியல் துறைக்கோ மாவட்ட அருங்காட்சியகத்திற்கோ முன்னரே எழுதுக.

5. வயல்களின் பெயர், மடைகளின் பெயர், நீர்ப்பங்கீட்டு வழக்கம் ஆகியவற்றை முதியோர் வாயிலாகக் கேட்டு எழுதி வைக்க. கல் நிலைத்திருக்கும், முதியோர் நினைவு காத்திராது.

6. வீடுகளில் உள்ள ஓலைச்சுவடிகளைக் கறையான் அணுகாத இடத்தில் வைக்கச் செய்க. படிக்க வல்லாரிடம் காட்டுமுன் எதனையும் எறியலாகாது.

7. உழும்போதோ தோண்டும்போதோ காசு, சிலை முதலியன கிடைத்தால் உடனே கிராம நிர்வாக அலுவலர் வழியாக ஆட்சியருக்குத் தெரிவிக்க. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை அறிவிக்க வேண்டுமென்பது 1878 ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி.

இடையூறுகள்

எழுத்துள்ள கல்லின் கீழ்ப் புதையல் உண்டு என்னும் வதந்தி கற்களுக்குப் பெரும்பகை. இரவில் கல்லைப் பெயர்த்துக் குழி தோண்டியவர் கண்டது மண்ணே. கல்லில் எழுதியிருப்பதைப் படித்து, அதன் பொருளைப் பள்ளிச் சுவரில் எழுதி வைத்தால் வதந்தி தானே ஓயும். "இவ்வீரன் எங்கள் குலத்தவன்" என்னும் பூசல் மற்றொன்று. ஊருக்காக உயிர் கொடுத்தவன் ஊர் முழுவதற்கும் உரியவன் என்பதைக் கழகத்தார் எடுத்துரைக்க வேண்டும்.

ஊராட்சியின் கடமை

அரசியல் சட்டத்தின் 51அ பிரிவு, நமது பண்பாட்டு மரபைப் பேணுதல் ஒவ்வொரு குடிமகனுக்கும் கடமை என்கிறது. ஊர் ஒன்றுபட்டு நின்றால் யாது செய்யலாம் என்பதற்கு மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி எடுத்துக்காட்டு. அங்குள்ள குன்றுகளில் தமிழிக் கல்வெட்டும், சமணர் படுக்கைகளும், பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் உள்ளன. அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த ஏறத்தாழ 193 ஹெக்டேர் பரப்பு 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 இல் அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் பற்றிய செய்தி வந்தபோது, சுற்றுவட்டார ஊராட்சிகள் கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றின. 2025 ஜனவரியில் மத்திய அரசு அவ்வேலத்தை இரத்துச் செய்தது. தம் ஊரில் யாது உள்ளது என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர். அறிந்திருந்தமையாற் காக்க முடிந்தது.

எனவே ஊராட்சி உறுப்பினர்கள் அடுத்த கிராம சபையிலேயே ஊர்க்கற்களின் பட்டியலை வைத்துத் தீர்மானம் எழுதுவார்களாக. சாலை, மதகு, கட்டடம் எதற்கு மதிப்பீடு தயாரித்தாலும், பணியிடத்தில் பழங்கல் உண்டா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதிய பின்னரே வேலையைத் தொடங்குவார்களாக. நமது ஒன்றியத்தில் இப்போது அவ்வாறே செய்து வருகிறோம்.

முதலிற் கூறிய பாதிக்கல் இன்று அவ்வூர்ப் பள்ளி வாயிலில் நிற்கிறது. "மற்றப் பாதி எங்கே?" என்று பிள்ளைகள் கேட்கின்றனர். அதற்கு நம்மிடம் விடையில்லை. தங்கள் ஊர்ப் பிள்ளைகள் அக்கேள்வியைக் கேட்க நேராதபடி ஊராட்சிப் பெருமக்கள் இன்றே பதிவேட்டைத் தொடங்குவார்களாக.