வேலுக்கு எட்டம், வாளுக்கு நெருக்கம்

மேசையில் பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டங்கள் பலவற்றில் வாளுக்கும் வேலுக்கும் சேத எண் மட்டுமே வேறு. சிலம்பம் பழகியவர் பார்த்தால் சிரிப்பார். கம்பின் நீளம்தான் சண்டையை நடத்தும் என்பது அவருக்குத் தெரியும். அதை விதியாக்கிப் பார்ப்போம். களம், வத்தல்மலை அடிவாரம். மந்தையைக் கவர்ந்தவன் கையில் வேல், மீட்க வந்தவனிடம் வாளும் கேடயமும். இரண்டு ஆறுமுகப் பகடை, ஒரு பிடி புளியங்கொட்டை போதும்.

1. நடுகல்லிலிருந்து தொடங்குங்கள்

தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். ஆநிரைச் சண்டையில் மாண்டவர்கள் அங்கே வில்லோடும் வாளோடும் கல்லில் நிற்கிறார்கள். யார் கையில் என்ன ஆயுதம் என்று குறித்துக்கொள்ளுங்கள். கல்லில் இருப்பது ஒரு கணத்தின் நிலை. காலடியையும் வீச்சையும் சிலம்ப ஆசானிடம் கேளுங்கள்.

2. தொலைவை மூன்றாகப் பிரியுங்கள்

எட்டம், வீச்சு, நெருக்கம். இரண்டு பகடையின் கூட்டுத்தொகை 7 அல்லது அதற்கு மேல் வந்தால் அடி விழும். அதற்கு வாய்ப்பு 58 விழுக்காடு. எட்டத்தில் வேலுக்கு 2 கூட்டுங்கள்; வாய்ப்பு 83 ஆகும். நெருக்கத்தில் 2 கழியுங்கள், 28-க்கு இறங்கும். வாள் எட்டத்தில் அடிக்கவே முடியாது; வீச்சில் கூட்டல் கழித்தல் இல்லை. குறுவாளுக்கு நெருக்கம் மட்டுமே. 1978-இல் வந்த ரூன்குவெஸ்ட் ஆட்டத்திலேயே நீள ஆயுதம் முந்தி அடிக்கும். நம் விதியில் எதிரி உள்ளே புகுந்துவிட்டால் அதே நீளம் சுமையாகிவிடும்.

3. உள்ளே புக விலை வையுங்கள்

வாள்காரன் முதலில் வேல்தண்டைத் தட்டிவிட வேண்டும். வெறும் வாளால் என்றால் 8, கேடயம் இருந்தால் 7. தட்டினால் ஒரு படி முன்னேறலாம். தவறினால் எதிரிக்கு இலவசமாக ஒரு குத்து.

4. மூச்சை எண்ணுங்கள்

ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை. முன்னேற ஒன்று, அடிக்க ஒன்று செலவு. ஒரு முறை அடிக்காமல் பின்வாங்கினால் இரண்டு திரும்பக் கிடைக்கும். இரண்டு காயம் பட்டவன் விழுந்தான்.

5. மலையையும் ஆடவிடுங்கள்

இன்றைய காப்பித் தோட்டங்களை மறந்துவிட்டுப் பழைய காட்டை மனதில் வையுங்கள். ஒற்றையடிப் பாதையில் வாளைச் சுழற்ற இடமில்லை, 1 கழியுங்கள், குத்துக்குத் தடையில்லை. புதருக்குள் நீளத்தண்டு சிக்கும், வேலுக்கு 2 கழியுங்கள். மேட்டில் நிற்பவனுக்கு 1 கூட்டுங்கள். இனி வேல்காரன் பாதையை விடமாட்டான். வாள்காரன் அவனைப் புதருக்குள் இழுக்கப் பார்ப்பான்.

6. ஆயுதமும் தேயட்டும்

தகடூர் அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போன ஔவை, தன் அரசனின் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதைச் சொன்னதாகப் புறநானூறு காட்டுகிறது. ஆகவே இரட்டை ஒன்று விழுந்தால் முனை மழுங்கும். கொல்லனிடம் போகும்வரை எல்லா அடிக்கும் 1 கழியுங்கள்.

7. பத்து முறை ஆடிப் பாருங்கள்

வெட்டவெளியில் ஐந்து, புதரில் ஐந்து. வெளியில் வேலும் புதரில் வாளும் பெரும்பாலும் வென்றால் விதி சரி. இரண்டிலும் ஒரே ஆயுதம் வென்றால் மூன்றாம் படியின் எண்ணை ஒன்று மாற்றுங்கள். மற்றதில் கை வைக்காதீர்கள்.

அடுத்து என்ன செய்வது என்று ஆடுபவர் பகடையைப் பார்க்காமல் தொலைவைப் பார்த்து யோசிக்கத் தொடங்கினால், உங்கள் விதி வேலை செய்கிறது.