கேசரிக்குக் கலர் பவுடர் வேண்டாம்

தீபாவளி, பொங்கல் வந்தால் நம் லயங்களில் கேசரி கிண்டாத வீடு குறைவு. கேசரி என்றால் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று பழகிவிட்டோம். அதற்காகக் கடையில் சின்னப் பொட்டலத்தில் கலர் பவுடர் வாங்கிப் போடுகிறோம். சில பொட்டலங்களில் பெயரும் இருக்காது, இலக்கமும் இருக்காது. உள்ளே என்ன இருக்குதென்று யாருக்குத் தெரியும்?

2024 பெப்ரவரியில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பஞ்சு மிட்டாய் விற்பதைத் தடை செய்தார்கள். பரிசோதித்ததில், ரோஸ் நிறத்துக்காக ரோடமின் பி என்ற துணிச் சாயத்தைச் சேர்த்திருப்பது தெரியவந்தது. புடவைக்குப் போடும் சாயம் பிள்ளையின் வயிற்றுக்குள் போகலாமா?

அனுமதியுள்ள கலரிலும் கவனம் வேண்டும். 102 என்ற இலக்கமுள்ள டார்ட்ரசின் என்ற மஞ்சள் கலர் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. தோலில் தடிப்பும் அரிப்பும் வரலாம். அப்படி வந்தால் பிள்ளையை டிஸ்பென்சரியில் காட்டுங்கள்.

நிறத்துக்கு நம் மலைநாட்டு மரக்கறியே போதும்.

கேசரிக்கு: ஒரு கோப்பை ரவைக்கு இரண்டு கரட்டைத் துருவிப் பிழியுங்கள். சாற்றோடு தண்ணீர் சேர்த்து இரண்டரைக் கோப்பை அளந்து கொதிக்க வையுங்கள். ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போடுங்கள். சக்கையை வீசாமல் நெய்யில் வதக்கிக் கேசரியிலேயே சேர்க்கலாம்.

பாயாசத்துக்கு: அடுப்பிலிருந்து இறக்கி ஆறிய பிறகு ஒரு மேசைக்கரண்டி பீட்ரூட் சாறு விடுங்கள். கொதிக்க விட்டால் நிறம் மங்கிப் போகும்.

கடைக் கலர் மாதிரி இது பளபளக்காது. "ஏம்மா வெளிறிக் கிடக்கு?" என்று பிள்ளைகள் கேட்டால், காரணத்தைச் சொல்லிக் கொடுங்கள். பெயரில்லாத பொட்டலத்தைக் கடைக்காரர் நீட்டினால் வாங்காமல் வாருங்கள். அந்தக் காசுக்குக் கரட் வாங்குவோம்.