பரிசோதனைக்கு முன்பே ஒரு பரிசோதனை

கரையான்சாவடி

அன்புள்ள இளங்கோ,

18 வயது முடிந்ததும் கல்லூரி முகாமில் ரத்தம் கொடுக்கப்போவதாக எழுதியிருந்தாய். மனசு நிறைந்தது. ‘எடுத்த ரத்தத்தை எப்படியும் டெஸ்ட் பண்ணத்தானே போகிறார்கள், அப்புறம் படிவத்தில் எதற்கு இவ்வளவு அந்தரங்கமான கேள்விகள்?’ என்றும் கேட்டிருந்தாய். டெஸ்ட் என்பது கடைசிச் சல்லடைதான். பாதுகாப்பு, கொடுப்பவரின் வாயிலிருந்து வரும் உண்மையில் தொடங்குகிறது.

சாத்தூரில் நடந்ததைப் பார். 2018 டிசம்பரில் அங்குள்ள அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. சிவகாசி அரசு மருத்துவமனையின் ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம் அது. கொடுத்தவர் 19 வயது இளைஞர். உறவினர் ஒருவருக்காகக் கொடுத்திருந்தார். 2016-இல் ஒரு முகாமில் அவர் கொடுத்த ரத்தத்திலேயே தொற்று தெரிந்திருந்தது. அந்தச் செய்தி அவரிடம் போய்ச் சேரவே இல்லை. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில்தான் அவருக்கே தெரியவந்தது. தெரிந்ததும் மருத்துவமனைக்கு ஓடிப்போய்ச் சொன்னவரும் அவர்தான். அந்த மாதம் முடிவதற்குள் தன் உயிரையே மாய்த்துக்கொண்டார். இரண்டு வருஷத்துக்கு முந்தைய தொற்றை சாதாரண எலைசா டெஸ்டே காட்டிக்கொடுத்துவிடும். ஆக, அங்கே கருவி தோற்கவில்லை. சரிபார்க்க வேண்டியவர்களும், சொல்ல வேண்டியவர்களும் தவறினார்கள்.

‘நாட்’ என்ற நவீன டெஸ்டை எல்லா இடத்திலும் கொண்டுவந்தால் தீராதா என்று நீ கேட்கலாம். கிருமி உடம்பில் நுழைந்த முதல் சில நாட்களில் எந்த டெஸ்டிலும் சிக்காது. இன்றைய எலைசாவுக்கு எச்.ஐ.வி. தெரிய ஏறக்குறைய இரண்டு, மூன்று வாரம் ஆகும். நாட், கிருமியின் மரபணுவையே தேடுவதால் அந்த இடைவெளியைச் சுமார் 10 நாளாகக் குறைக்கிறது, இல்லாமல் ஆக்குவதில்லை. செலவும் அதிகம், பழகிய ஆட்களும் வேண்டும். பல ரத்த வங்கிகளின் மாதிரிகளை ஒரு பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பிச் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் எலைசாவை ஒழுங்காகச் செய்து பதிவேட்டில் ஏற்றாத இடத்தில் நாட் வந்தும் பயனில்லை.

கண்டுபிடிக்க முடியாத அந்த நாட்களை அடைப்பது உன் நேர்மை ஒன்றுதான். இதை நாம் படிப்படியாகத்தான் கற்றோம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டதே நம் சென்னையில், 1986-இல். ரத்தத்துக்கு எச்.ஐ.வி. டெஸ்ட் 1989-இல் கட்டாயமானது. ஹெபடைடிஸ் சி டெஸ்ட் 2001-இல்தான் வந்தது. இடையில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் விற்பதை நிறுத்தியது. காசு தேவைப்படுகிறவர் நோயை மறைப்பார் என்பதே காரணம். உறவினரைக் கூட்டிவந்து கொடுக்கச் சொல்வதிலும் இதே ஆபத்து உண்டு. அண்ணன் ஆபரேஷன் தியேட்டரில் கிடக்கும்போது, ‘நான் கொடுக்கக்கூடாது’ என்று பத்துப் பேர் நடுவில் சொல்ல யாருக்கு வாய் வரும்? உறவினரைக் கேட்காவிட்டால் ரத்தமே கிடைக்காது என்பார்கள். இன்றைய நிலையில் அது உண்மைதான். ஆனால் எடுத்த ரத்தம் நெடுநாள் தாங்காது: தட்டணுக்கள் 5 நாள்தான், சிவப்பணுக்கள் 42 நாள் வரை. தலைவர் பிறந்தநாளுக்கு ஒரே நாளில் குவித்துவிட்டு அப்புறம் மறந்தால் தட்டுப்பாடு வராமல் என்ன செய்யும்? யாருடைய நெருக்கடியும் இல்லாமல், ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறை வந்து கொடுத்தால் உறவினரைத் துரத்த வேண்டிய தேவையே குறையும்.

ஆகவே படிவத்தை நண்பனைப் பார்த்து நிரப்பாதே. கூச்சமாக இருந்தால் டாக்டரிடம் தனியாகப் பேசு. சந்தேகம் இருந்தால் அன்று கொடுக்காமல் திரும்பு, அதில் அவமானமில்லை. போன் நம்பரைத் தெளிவாக எழுது. நம்பர் மாறினால் ரத்த வங்கிக்குச் சொல். அங்கிருந்து கூப்பிட்டால் தள்ளிப்போடாமல் போ.

அன்புடன்,
பெரியப்பா