எக்ஸெல்லில் வெயில் நோய்க் கணக்கு

எக்ஸெல் என்றாலே மளிகைக் கணக்கும் மார்க் லிஸ்ட்டும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். வெயிலால் ஆஸ்பத்திரிக்கு வருவோர் திடீரென அதிகரித்தால் எச்சரிக்கும் கணக்கையும் அதில் போடலாம்.

2003 ஆகஸ்டில் பிரான்ஸைக் கடும் வெப்ப அலை தாக்கியது. முதல் 20 நாட்களில் வழக்கத்தைவிடச் சுமார் 15,000 பேர் கூடுதலாக இறந்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள். அவசர சிகிச்சைப் பிரிவுகள் நிரம்பி வழிந்தன. ஆனால் எல்லா ஆஸ்பத்திரிகளின் எண்ணிக்கையையும் அன்றன்றே ஓரிடத்தில் கூட்டிப் பார்க்க வழி இல்லை. எனவே 2004ல் ஓஸ்கூர் என்ற நெட்வொர்க்கைத் தொடங்கினார்கள். நோயாளியின் வயது, வந்த நேரம், நோய்க் குறியீடு ஆகியவை தினமும் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரிலிருந்து மையத்துக்குச் செல்லும். பெயர் செல்லாது. வெப்பத் தாக்கத்துக்கு டி67, நீர்ச்சத்துக் குறைவுக்கு ஈ86 என்பவை குறியீடுகள்.

இந்த எண்ணிக்கை எப்போது 'அதிகம்' ஆகிறது? செய்து பார்ப்போம். ஏ நெட்டு வரிசையில் தேதிகளை அமையுங்கள். பி2 முதல் பி8 வரை 4, 6, 5, 3, 5, 7, 5 என டைப் செய்யுங்கள். (இவை பயிற்சிக்கான கற்பனை எண்கள்.) டி2 செல்லில் கர்சரை வைத்து, ஆட்டோசம் பட்டன் அருகிலுள்ள அம்புக்குறியை அழுத்தி ஆவரேஜ் தேர்ந்தெடுங்கள். மவுஸால் பி2 முதல் பி8 வரை இழுத்து என்டர் தட்டினால் 5 கிடைக்கும்.

அடுத்து டி3 செல். அதே அம்புக்குறியில் மோர் பங்ஷன்ஸ், பின் ஸ்டாட்டிஸ்டிகல் பிரிவில் எஸ்டிடெவ்.எஸ் தேர்ந்தெடுத்து, அதே செல்களைக் கொடுங்கள். 1.29 வரும். சராசரியைச் சுற்றி எண்கள் எவ்வளவு ஏறி இறங்குகின்றன என்பதற்கான அளவு இது. பயப்பட வேண்டாம், இந்தப் பேப்பரைக் கல்லூரியில் நானும் தட்டுத்தடுமாறித்தான் பாஸ் செய்தேன். டி4ல் சமக்குறி இட்டு, டி2வுடன் டி3ன் மூன்று மடங்கைக் கூட்டுங்கள். விடை 8.87. அதாவது, நாளை 8 பேர் வந்தால் வழக்கமான ஏற்ற இறக்கம். 9 பேர் வந்தால் கவனிக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நோய் மெல்ல மெல்ல ஏறினால் சராசரியும் கூடவே ஏறிவிடும், எச்சரிக்கை வராது. அமெரிக்காவின் சிடிசி அமைப்பு உருவாக்கிய இயர்ஸ் முறையில் இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. கடைசி இரண்டு நாட்களை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய ஏழு நாட்களை எடுப்பார்கள். பி11ஐச் சோதிக்க பி2 முதல் பி8 வரைதான் கணக்கு. பி9, பி10 சேராது.

ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து தகவலே வரவில்லை என்றால் அந்தச் செல்லில் 0 போடாதீர்கள், காலியாக விடுங்கள். காலி செல்லை எக்ஸெல் சராசரியில் சேர்க்காது. 0 போட்டாலோ, அன்று ஒருவர்கூட வரவில்லை என்று எடுத்துக்கொள்ளும்.