பாலாற்றின் வழியே பாட்டனைத் தேடி

நுழையுமுன்

"உன் சொந்த ஊர் எது?" என்று வினவினால், தங்கவயல் வட்டாரத்தில் வாழும் தமிழ் மாணவர் பலர் சற்றே தயங்குவர். பிறந்த மண் கருநாடகம், வீட்டுமொழி தமிழ், பாட்டியின் பேச்சில் அடிக்கடி வரும் ஊரோ வேறொரு மாநிலத்தில் இருக்கும். அவ்வூரிலிருந்து இங்கு முதலில் வந்தவர் யார்? எப்போது வந்தார்? இவ்வினாக்களுக்குப் பழைய ஏடுகளின் துணைகொண்டு விடை காணும் முறையை இப்பாடத்தில் கற்போம்.

1. ஆறும் எல்லையும்

பேத்தமங்களா பாலாற்றங்கரையில் அமைந்த பழைய ஊர். கல்வெட்டுகள் இதனை விசயாதித்தமங்கலம் என்று குறிக்கின்றன. கோலார் மாவட்டக் கல்வெட்டுகளைத் திரட்டி பி. எல். ரைஸ் 1905ஆம் ஆண்டில் வெளியிட்ட தொகுதியில் தமிழ்க் கல்வெட்டுகளும் பல உள்ளன. சோழர் ஆட்சி இப்பகுதியில் பரவியிருந்ததற்கு அவை சான்று. ஆகவே, தமிழ் இங்குத் தங்கச் சுரங்கத்தோடு வந்த மொழியன்று. சுரங்கம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே கல்லில் பதிந்த மொழி.

பாலாறு கருநாடகத்தில் 93 கிலோமீட்டரும், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டரும் ஓடிக் கடலில் கலக்கிறது. நீர் மேற்கிலிருந்து கிழக்கே சென்றது. மக்களோ கிழக்கிலிருந்து மேற்கே வந்தனர். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனம் தங்கவயலில் காலூன்றிய பின்னர், வட ஆர்க்காடு, சேலம் முதலிய சென்னை மாகாண மாவட்டங்களிலிருந்து உழைப்பாளர் குடும்பங்கள் வந்து குடியேறின. 1876 முதல் 1878 வரை நீடித்த கொடும்பஞ்சத்தால் அம்மாவட்டங்கள் நலிந்திருந்தன. 1894இல் தங்கவயலுக்குக் கிளை இருப்புப்பாதை அமைந்தபின் பயணம் எளிதாயிற்று. பேத்தமங்களா ஏரியின் நீர் குழாய்வழியே சுரங்கக் குடியிருப்புகளை அடைந்தது. அந்நீரைப் பருகி வாழ்ந்தோரின் வழித்தோன்றல்களே இன்று தம் முன்னோரைத் தேடுகின்றனர்.

2. அறிந்ததிலிருந்து அறியாததற்கு

முன்னோரைத் தேடுவோர் பலர் செய்யும் முதற்பிழை, நெடுங்காலத்துக்கு முன் வாழ்ந்த ஒருவரிடமிருந்து தொடங்குவது. தேடல் நம்மிடமிருந்தே தொடங்க வேண்டும். தந்தை, பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிச் செல்லவேண்டும். ஒரு படிக்குச் சான்று கிடைத்த பின்னரே அடுத்த படியில் கால் வைக்க வேண்டும்.

முதலில் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். குடும்ப அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, சேமநல நிதித் தாள், திருமண அழைப்பிதழ், சாதகக் குறிப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று அங்கே இருக்கும். அடுத்துப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவேடு, பழைய வாக்காளர் பட்டியல், தேவாலயத் திருமுழுக்குப் பதிவேடு, கல்லறைக் கல் ஆகியவற்றை நாடலாம். அதன் பின்னரே பெங்களூருவிலும் சென்னை எழும்பூரிலும் உள்ள மாநில ஆவணக் காப்பகங்களுக்குச் செல்வது பயன் தரும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லார் பெயரும் இருக்குமே என்று எண்ணலாம். அக்கணக்கின் தொகைகள் அச்சாயின; ஆங்கிலேயர் காலத்தில் வீடுவீடாக எழுதிய பெயர்த் தாள்கள் பாதுகாக்கப்படவில்லை. எனவே அதில் எண்கள் கிடைக்கும். பாட்டனின் பெயர் கிடைக்காது.

3. பெயர் காட்டும் வழி

தமிழர் பெயரில் தலையெழுத்து ஒரு திறவுகோல். ஏட்டில் "கோ. முனுசாமி" என்றிருப்பின், அவருடைய தந்தையின் பெயர் "கோ" என்னும் எழுத்தில் தொடங்கும் என்பது தெளிவு. அது கோவிந்தனா, கோபாலனா என்பதை வேறோர் ஏடு உறுதிசெய்ய வேண்டும்.

பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம். கோவிந்தன் மகன் முனுசாமி. அவர் மகன் மீண்டும் கோவிந்தன். ஆகவே "கோவிந்தன்" என்ற பெயரைக் கண்டவுடன் பாட்டனையும் பேரனையும் ஒருவராக்கிவிடக் கூடாது. மேலும், சுரங்க அலுவலக எழுத்தர் தம் காதில் விழுந்தவாறு பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினார். முனுசாமி, முனிசாமி, முனியசாமி என்னும் மூன்றும் ஒருவரையே குறிக்கலாம், மூவரையும் குறிக்கலாம். பெயர் மட்டும் ஒத்தால் போதாது. தந்தை பெயர், வயது, ஊர், வாழ்ந்த லைன் ஆகியவற்றுள் இரண்டேனும் ஒத்துவர வேண்டும்.

4. ஆண்டும் ஊரும்

"உன் பூட்டன் விரோதி ஆண்டு ஆவணியில் பிறந்தவர்" என்று பாட்டி கூறுவதாகக் கொள்வோம். தமிழ் ஆண்டுகள் அறுபதும் சுழன்று வருவன. விரோதி ஆண்டின் ஆவணி 1889இலும் வந்தது, 1949இலும் வந்தது. பூட்டன் 1910இல் சுரங்க வேலையில் சேர்ந்தார் என்று ஒரு தாள் காட்டினால், பிறந்த ஆண்டு 1889 என்று துணியலாம். இவ்வாறு பாட்டியின் நினைவும் அலுவலகத் தாளும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன.

ஊர்ப்பெயரிலும் விழிப்பு வேண்டும். திருப்பத்தூர் 1911 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. பிறகு வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. வட ஆர்க்காடு 1989இல் இரண்டாகப் பிரிந்தது. 2019இல் திருப்பத்தூர் தனி மாவட்டமாயிற்று. சித்தூர் மாவட்டமும் 1911இல்தான் உருவாயிற்று. ஒரே ஊரைச் சேர்ந்த பாட்டனும் பேரனும் வெவ்வேறு மாவட்டத்தினர் என்று ஏடுகள் கூறுவதற்கு இதுவே காரணம். குடும்பம் இடம்பெயரவில்லை, எல்லைக்கோடுதான் இடம்பெயர்ந்தது. அவ்வாறே, ஆங்கிலேயர் கால ஏட்டில் காணும் பௌரிங்பேட்டையே இன்றைய பங்காரப்பேட்டை.

5. எழுதியவர் யார்? எதற்காக எழுதினார்?

எந்த ஏட்டைக் கையில் எடுத்தாலும் இவ்விரு வினாக்களையும் எழுப்புங்கள். நம் முன்னோரைப் பேரப்பிள்ளைகள் அறிய வேண்டும் என்று எந்த அலுவலகமும் ஏடு எழுதவில்லை. கூலி கொடுக்கவும், வரி பெறவும், கண்காணிக்கவுமே எழுதினர்.

தங்கவயல் வரலாற்றில் இதற்கு ஒரு சான்று உண்டு. 1930ஆம் ஆண்டில் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவுசெய்ய நிருவாகம் முற்பட்டது. தங்களைக் குற்றவாளிகளைப்போல் நடத்துவதாகக் கருதிய தொழிலாளர்கள், ஏறத்தாழ மூன்று வாரம் வேலையை நிறுத்தி எதிர்த்தனர். இன்று நாம் ஆவலுடன் தேடும் பதிவுகளுள் சில, நம் முன்னோர் விரும்பிக் கொடுத்தவை அல்ல என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

நிலம் இல்லாதவர் பெயர் கிராம நில ஏடுகளில் உரிமையாளராக இடம்பெறவில்லை. சம்பளச் சீட்டில் சுரங்கத்தில் இறங்கியவர் பெயர் உண்டு. அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்தவர் பெயர் இல்லை. பெண்களின் பெயரை அறியத் திருமுழுக்குப் பதிவேடு, பள்ளிப் பதிவேடு, சேமநல நிதிக்கான வாரிசு நியமனத் தாள் ஆகியவையே பெரிதும் உதவும். இவற்றிலும் கிடைக்காதபோது, பாட்டியின் வாய்மொழியே சான்று.

தொழிலாளர் தாமே படைத்த எழுத்துச் சான்றுகளும் உள்ளன. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய "தமிழன்" இதழ், அவருக்குப் பின்னர் 1926 முதல் தங்கவயலில் ஜி. அப்பாதுரையாரால் மீண்டும் நடத்தப்பட்டது. பிறர் எழுதிய பேரேட்டில் வெறும் பெயராக நின்றவர்கள், தம் கருத்தையும் வாழ்வையும் தம் மொழியில் பதித்த இடம் அது.

6. தேடலின் பயன்

முன்னோரை அறிவது பெருமை பேசுவதற்கு மட்டுமன்று. பட்டியல் சாதியினர் குறித்த குடியரசுத் தலைவரின் ஆணை 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் வெளியாயிற்று. ஒரு குடும்பம் எந்த மாநிலத்தில் சாதிச் சான்றிதழ் பெறுதற்கு உரியது என்பதை முடிவுசெய்ய, அந்நாளில் அக்குடும்பம் எங்கு நிலையாக வாழ்ந்தது என்று அலுவலர் வினவுவர். அப்போது, பாட்டன் படித்த பள்ளியின் பதிவேட்டில் உள்ள ஒரு வரி, பேத்தியின் கல்லூரிச் சேர்க்கைக்குத் துணை நிற்கும்.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. குடும்பங்கள் பல ஊர்களுக்குப் பிரிந்தன. தாள்கள் கரையான் வாய்ப்படுகின்றன. நினைவுடைய முதியோர் ஒவ்வொருவராய் மறைகின்றனர். ஏடு ஓரளவு காத்திருக்கும், பாட்டி காத்திருக்கமாட்டார். எனவே முதற்பக்கத்தை இன்றே அவர் வாய்மொழியாக எழுதுங்கள்.

சொற்பொருள்

பூட்டன் – பாட்டனின் தந்தை
ஓட்டன் – பூட்டனின் தந்தை
வழித்தோன்றல் – மரபில் பிறந்தவர்
பேரேடு – பெரிய கணக்குப் புத்தகம்
துணிதல் – முடிவு செய்தல்
லைன் – சுரங்கத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகள்

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடரில் விடை எழுதுக.
1. கல்வெட்டுகளில் பேத்தமங்களா எப்பெயரால் குறிக்கப்பட்டுள்ளது?
2. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பாட்டனின் பெயர் கிடைக்காதது ஏன்?
3. 1930ஆம் ஆண்டின் வேலைநிறுத்தத்திற்குக் காரணம் யாது?

ஆ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. "குடும்பம் இடம்பெயரவில்லை, எல்லைக்கோடுதான் இடம்பெயர்ந்தது" – திருப்பத்தூரைச் சான்றாகக் கொண்டு விளக்குக.
2. பெண்களின் பெயர்கள் ஏடுகளில் குறைவாகக் காணப்படுவது ஏன்? அவற்றை எவ்வாறு மீட்கலாம்?

இ. சிந்தித்து விடை காண்க.
சித்திரபானு ஆண்டின் ஆவணி 1882, 1942, 2002 ஆகிய ஆண்டுகளில் வந்தது. "சித்திரபானு ஆவணியில் பிறந்தவர்" எனப்படும் ஒருவர் 1950இல் இரண்டாம் வகுப்பில் சேர்ந்தார் எனப் பள்ளிப் பதிவேடு கூறுகிறது. அவர் பிறந்த ஆண்டு எது? காரணம் கூறுக.

ஈ. செயல்திட்டம்
உங்கள் வீட்டின் மூத்தவரிடம் பேசி, மூன்று தலைமுறையினரின் பெயர், பிறந்த ஊர், செய்த தொழில் ஆகியவற்றை அட்டவணையாக எழுதுக. பெண்களின் பெயர்களை விடாது எழுதுக. ஒவ்வொரு செய்திக்கும் எதிரே, அது ஏட்டில் கண்டதா, வாய்மொழியாகக் கேட்டதா என்பதையும் குறிக்க.