பருவத்திற்கு முந்திய நான்கு வாரங்கள்: லக்ரோஸ் அணியின் ஆயத்தமும் தசையின் கணக்கும்

காற்பந்து, பூப்பந்து, வளைகோற்பந்து என்று வளர்ந்த நமக்கு லக்ரோஸ் என்னும் பெயர் சற்று அந்நியமானதே. விளையாட்டு அறிவியல் பயிலும் எனக்கும் கடந்த தவணையில் ஓர் இடுபணிக்காகத் தேடும் வரையில் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளி என்று வந்தவன் நான். தசையையும் சிறுநீரகத்தையும் பற்றி மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்ததை இங்கே தமிழில் சொல்ல முயன்றிருக்கிறேன்.

லக்ரோஸ் வட அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் ஆட்டம். ஹோடினோஷோனி மக்கள் இன்றும் அதைப் படைத்தவன் தந்த ஆட்டம் என்று போற்றுகின்றனர். நீண்ட மட்டையின் முனையில் ஒரு சிறு வலைப்பை இருக்கும். கெட்டியான ரப்பர் பந்தை அதில் ஏந்தி ஓடி, எறிந்து, பிடித்து, எதிரணியின் வலைக்குள் செலுத்த வேண்டும். அமெரிக்கக் கல்லூரி ஆடவர் ஆட்டத்தில் அணிக்குப் பத்துப் பேர். 15 நிமிடம் கொண்ட நான்கு பகுதிகள். ஏறக்குறைய 100 மீட்டர் நீளத் திடல். 2019ஆம் ஆண்டுப் பருவம் முதல் 80 வினாடிக் கெடுவும் சேர்ந்து கொண்டது. பந்தைப் பெற்ற அணி அதற்குள் எறிந்தாக வேண்டும். நடுத்திடல் ஆட்டக்காரர் முழு வேகத்தில் ஓடிவிட்டு, ஆட்டம் நிற்காமலே வெளியேறி, மூச்சு வாங்கியபின் மீண்டும் நுழைவார். வளைகோற்பந்து ஆடியவர்களுக்கு இது பழகிய முறைதான்.

போட்டிப் பருவம் பிப்ரவரியில் தொடங்கி மே மாத இறுதியில் முடிகிறது. எனவே ஆயத்தம் இரண்டு கட்டமாக அமைகிறது. கோடை விடுமுறை முடிந்து செப்டம்பர், அக்டோபரில் ஒன்று. குளிர்கால விடுமுறைக்குப் பின் ஜனவரியில் மற்றொன்று. இடைப்பட்ட நாட்களில் ஆட்டக்காரரின் உற்ற துணை ஒரு வெறும் சுவர்தான். வலக்கையால் நூறு, இடக்கையால் நூறு என்று பந்தைச் சுவரில் எறிந்து பிடிப்பதை அங்கே யாரும் சிறுபிள்ளை விளையாட்டாகக் கருதுவதில்லை. எளிதில் வராத கையைப் பழக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

இந்த இரண்டு கட்டங்களுமே நீண்ட விடுமுறையை ஒட்டி வருகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். என் பார்வையில் ஆயத்தத்தின் சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. விடுமுறையில் ஒருவன் ஓடியிருப்பான், இன்னொருவன் படுத்திருப்பான். இருவரும் ஒரே நாளில் ஒரே வரிசையில் வந்து நிற்பார்கள்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக அணி 2024 மே மாதத்தில் தேசிய மூன்றாம் பிரிவு வெற்றியாளர் பட்டம் வென்ற அணி. அதே ஆண்டு செப்டம்பரில், கடற்படைச் சிறப்புப் படைப் பயிற்சியை முடித்திருந்த முன்னாள் மாணவர் ஒருவர் வந்து அணிக்கு ஓர் உடற்பயிற்சி நடத்தினார். கட்டாயமில்லை, விருப்பமுள்ளவர் கலந்துகொள்ளலாம் என்ற ஏற்பாடுதான். அதன்பின் பத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ராப்டோமையோலைசிஸ் எனும் தசைச் சிதைவு கண்டது. பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பல்கலைக்கழகம் வெளியாரைக் கொண்டு ஆய்வு செய்தது. நாட்டின் முதல்தர அணியொன்றின் வாட்டசாட்டமான இளைஞர்களுக்கே இது நேர்ந்தது.

இது எப்படி நிகழ்கிறது? தமிழ்ப்பள்ளியில் தோப்புக்கரணம் போட்டவர்களுக்கு எளிதாகப் புரியும். மறுநாள் படிக்கட்டில் இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றோமல்லவா? எழும்போது தொடைத்தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போதோ பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. இந்த இரண்டாவது வகை வேலையே தசைநாரை அதிகம் கிழிக்கும். சிறிதளவு கிழிந்தால் வலி வரும், இரண்டு மூன்று நாளில் ஆறும். அளவு மீறினால் நார்களின் உறை உடைந்து உள்ளிருப்பவை இரத்தத்தில் கொட்டும். அவற்றுள் மையோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தைப் பழுதாக்கவல்லது. பொட்டாசியம் மிகுந்தால் இதயத்துடிப்பே தடுமாறும். கிரியேட்டின் கைனேஸ் என்னும் நொதி இரத்தத்தில் ஆயிரக்கணக்கில் ஏறுவதைக் கொண்டு மருத்துவர்கள் நோயை உறுதி செய்கின்றனர். ஆட்டக்காரர் தாமே அறியக்கூடிய அடையாளங்களும் உண்டு: வழக்கத்தை மீறிய வலி, வீக்கம், கையை மடக்கக்கூட இயலாத தளர்ச்சி, கடுந்தேநீர் நிறத்தில் சிறுநீர். இந்த நிறத்தைக் கண்டால் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாளம் வழியாக நீர்மம் ஏற்றுவதுதான் முதன்மைச் சிகிச்சை.

ஆனால் இதே தசைக்கு வியத்தகு குணமொன்று உண்டு. அளவாக ஒருமுறை வருந்தினால், அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலை அதை அவ்வளவாகச் சிதைப்பதில்லை. ஆயத்தக் காலம் என்பதே இந்தச் சிறு தவணைகளைச் செலுத்தும் காலம்தான். மன உறுதியால் இந்தத் தவணையைத் தாண்டிக் குதிக்க முடியாது. உறுதிமிக்கவன் வலியைப் பொறுத்துத் தொடர்வான். அதனாலேயே அவனுக்கு ஆபத்தும் கூடுதல்.

2019இல் அமெரிக்க உடற்திறப் பயிற்றுநர் அமைப்புகள் இரண்டு சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியில் 50, 30, 20, 10 என்ற கணக்கு உள்ளது. அணி செய்யும் உச்ச அளவிலிருந்து முதல் வாரம் 50 விழுக்காடு, இரண்டாம் வாரம் 30, மூன்றாம் வாரம் 20, நான்காம் வாரம் 10 விழுக்காடு குறைக்க வேண்டும். உச்ச அளவு 100 மீட்டர் ஓட்டம் 40 முறை என்று கொள்வோம். முதல் வாரம் 20, அடுத்து 28, 32, 36 என்று ஏறி, ஐந்தாம் வாரத்தில்தான் 40. ஓய்வுக்கும் கணக்கு உண்டு: முதல் வாரத்தில் ஒரு பங்கு ஓட்டத்திற்கு நான்கு பங்கு ஓய்வாவது வேண்டும். அதே ஆண்டில் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. வெளியிட்ட பரிந்துரைகள், உடற்பயிற்சியைத் தண்டனையாகப் பயன்படுத்தலாகாது என்கின்றன. தோப்புக்கரண ஆசிரியர்கள் கவனிக்க!

இக்கணக்குக்குப் பின்னால் கசப்பான முன்கதைகள் உண்டு. 2011 ஜனவரியில் ஐயோவா பல்கலைக்கழக அமெரிக்கக் காற்பந்து அணி விடுமுறை முடிந்து திரும்பியது. தாம் தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் பாதியைத் தோளில் சுமந்து, நேரம் பார்த்து 100 முறை அமர்ந்தெழும் பயிற்சி தரப்பட்டது. 13 பேர் மருத்துவமனைக்குச் சென்றனர். ஆட்டம் வேறு, மாதம் வேறு. விடுமுறையும் மிகைப்பயிற்சியும் மட்டும் மாறவில்லை.

"விருப்பமுள்ளவர் வரலாம்" என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அணியில் இடம் இன்னும் உறுதியாகாத முதலாண்டு மாணவன், மூத்தவர்கள் அனைவரும் நிற்கும் வரிசையிலிருந்து விலகி, "எனக்குப் போதும்" என்பானா? நம் திடல்களிலும் "முதல் நாளே பிழிந்தெடுத்தால்தான் பையன்கள் தேறுவார்கள்" என்று பேசக் கேட்டிருக்கிறேன். ஆகவே நிறுத்தும் அதிகாரம் ஆட்டக்காரனிடமோ அவனைத் தேர்வு செய்யும் பயிற்றுநரிடமோ மட்டும் இருந்தால் போதாது. தேர்வில் பங்கில்லாத மருத்துவப் பணியாளர் ஒருவர் திடலோரம் நின்று, "போதும்" என்றால் அது இறுதிச் சொல்லாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

தசைச் சிதைவிலிருந்து மீண்டவர் நேரே திடலுக்குத் திரும்ப முடியாது. இரத்தப் பரிசோதனை சீராகும் வரை ஓய்வு. பிறகு நடை, மெல்லோட்டம், இலேசான எடை. அதன்பின் 50 விழுக்காட்டுக் கணக்கு மீண்டும் முதல் வாரத்திலிருந்து. டஃப்ட்ஸ் அணி 2025 பருவத்தில் களமிறங்கி, அவ்வாண்டு மே மாதம் மூன்றாம் பிரிவுப் பட்டத்தை மறுபடியும் வென்றது.